சைக்கொலஜி படித்தால் டீச்சர் ஆகலாமா? ஒரு கேள்விக்குப் பின்னால் உள்ள வரலாறு



உயர்தரப் பெறுபேறு வெளிவரும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்பிள்ளைகள், இல்லாவிட்டால் அவர்களுடைய உம்மாமார். "சேர், சைக்கொலஜி டிப்ளோமா ஒன்று செய்தால் ஸ்கூலில் சைக்கொலஜி டீச்சராகப் போகலாமா?" சிலர் காசு கட்டிய பிறகுதான் கேட்கிறார்கள். காப்பை அடகு வைத்துக் கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

நேரடியாகப் பதில் சொல்வதென்றால், நமது அரச பாடசாலைகளில் "உளவியல் ஆசிரியர்" என்று ஒரு நியமனம் கிடையாது. க.பொ.த. உயர்தரப் பாடங்களில் அளவையியலும் விஞ்ஞான முறையும் இருக்கிறது, அரசியல் விஞ்ஞானம் இருக்கிறது, தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் இருக்கிறது. கலைப் பிரிவுப் பிள்ளை எடுக்கக்கூடிய பாடமாக உளவியல் இல்லை. பாடம் இல்லாவிட்டால் வெற்றிடம் இல்லை. வெற்றிடம் இல்லாவிட்டால் வர்த்தமானியில் அழைப்பும் இல்லை.

ஆனால் அதோடு நிறுத்தினால் பிள்ளைக்குப் பாதி உண்மைதான் போய்ச் சேரும். ஏனென்றால் இந்த நாட்டில் உளவியல் படிக்காமல் எவரும் பயிற்றப்பட்ட ஆசிரியராக முடியாது. நாம் எல்லோரும் அந்தப் பாடத்தைப் படித்துப் பரீட்சை எழுதித்தான் வகுப்பறைக்குள் வந்தோம். அப்படியானால் நமக்கு அதைப் படிப்பித்தவர் யார்? அவர் எந்தப் பாதையால் அங்கே போனார்? ஆசிரியர் படிக்கிற உளவியலை மாணவன் ஏன் படிக்க முடியவில்லை? இதற்குப் பதில் தேடினால் கதை நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் பின்னால் போகிறது. கொஞ்சம் நீளம்தான். பிள்ளையின் எதிர்காலத்துக்காகக் காசு செலவழிக்கப் போகிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

1. உளவியல் இல்லாத காலத்து வாத்தியார்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் மனத்தைப் பற்றி யோசிப்பதற்கு உலகம் ஐரோப்பாவுக்காகக் காத்திருக்கவில்லை. 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூன், மாணவர்களிடம் கடுமை காட்டுவது அவர்களுக்குக் கேடு என்பதற்காகவே அந்நூலில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அடித்து வளர்க்கப்படும் பிள்ளை உற்சாகம் இழந்து சோம்பலுக்குப் போகும், தண்டனைக்குப் பயந்து பொய்யும் பாசாங்கும் பழகும் என்பது அவருடைய வாதம். நமது ஓதப்பள்ளிகளிலும் பாடசாலைகளிலும் கையில் பிரம்போடு நின்ற எத்தனை பேருக்கு இது தெரிந்திருந்தது என்பது வேறு கதை.

ஆங்கிலேயர் காலத்துப் பாடசாலை முறைக்கு இந்தச் சிந்தனை எதுவும் தேவைப்படவில்லை. அன்றைய பெரும் பிரச்சினை, குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளுக்கு எழுத வாசிக்கக் கற்பிப்பது. அதற்கு ஒரு வழி, விந்தையாக, நமது பக்கத்திலிருந்தே போனது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தைப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். மூத்த பிள்ளையைக் கொண்டு இளைய பிள்ளைக்குப் படிப்பிக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்தார். நம்மவர் சட்டாம்பிள்ளை என்று சொல்வதுதான் அது. 1797இல் அவர் அதைப் புத்தகமாக்க, "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்தில் பரவியது. பிறகு அதே இங்கிலாந்தில் மாணவ ஆசிரியர் முறை வந்தது. கெட்டிக்காரப் பிள்ளையைச் சில வருடம் தலைமையாசிரியரிடம் தொழில் பழகவிட்டு ஆசிரியராக்குவது. தச்சுத் தொழில் பழகுவது போல.

இலங்கையில் 1834இல் பாடசாலை ஆணைக்குழு அமைந்தது. மோர்கன் குழுவின் விசாரணைக்குப் பிறகு 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அதைத் தொடர்ந்து உதவி நன்கொடைகள் பரீட்சைப் பெறுபேற்றுக்கு ஏற்ப வழங்கப்பட்டன. பரிசோதகர் வருவார், பிள்ளைகளைச் சோதிப்பார், சித்தியடைந்தவர்களைக் கணக்கிட்டுப் பாடசாலைக்குப் பணம் வரும். பிள்ளை பாடத்தை ஒப்புவித்தால் போதும் என்ற இந்த ஏற்பாட்டில், பிள்ளை எப்படிக் கற்கிறது என்று கேட்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

நமது சமூகம் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றது. மிஷன் பாடசாலைக்குப் போனால் பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பயம். 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கிய அறிஞர் சித்திலெப்பை அந்தப் பத்திரிகையில் அந்தப் பயத்தோடும் சோம்பலோடும் போராடினார். அவரும் வாப்பிச்சி மரிக்காரும் மற்றவர்களும் சேர்ந்து, இங்கே நாடுகடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவின் தூண்டுதலோடு 1892இல் மருதானையில் அமைத்த மத்ரஸாதான் ஸாஹிராக் கல்லூரியானது. பாடசாலையைக் கட்டிவிடலாம். அதில் நின்று படிப்பிக்க நமது ஆட்கள் எங்கே என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது.

2. ஆசிரியரின் பாடமாக உளவியல்

இதே காலத்தில் வேறொரு பக்கத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வுகூடம் அமைத்தார். அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் 1892இல் ஆசிரியர்களுக்கென உளவியல் விரிவுரைகள் நடத்தி, 1899இல் நூலாக வெளியிட்டார். அதில் அவர் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் விட்டார். உளவியல் ஒரு விஞ்ஞானம், கற்பித்தல் ஒரு கலை, விஞ்ஞானத்திலிருந்து கலை தானாகப் பிறந்துவிடாது, இடையில் ஆசிரியரின் சொந்தப் புத்தி வேண்டும் என்பது அதன் சாரம். 1903இல் தோர்ண்டைக் கல்வி உளவியல் என்ற பெயரிலேயே நூல் எழுதினார். இதற்குப் பிறகு ஆசிரியர் பயிற்சி என்றால் அதில் உளவியல் இருக்க வேண்டும் என்பது மெல்ல மெல்ல வழக்கமாகி, ஆங்கிலேயரின் குடியேற்ற நாடுகளின் பயிற்சிக் கலாசாலைகளுக்கும் வந்து சேர்ந்தது.

நமது கிராமங்களுக்கு அது வந்தது 1940களில். அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலையும், அளுத்கமையில் முஸ்லிம் பெண்களுக்கான கலாசாலையும் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கின. 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அதே ஆண்டில் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்துக்கும் வித்திட்டார். அதே 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாடசாலைக் கதவு திறந்தது, பிள்ளைகள் வந்தார்கள், ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டார்கள். விவசாயியின் மகனும் கடற்றொழிலாளியின் மகளும் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படித்து "பயிற்றப்பட்ட ஆசிரியர்" என்ற பெயரோடு ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களின் பெட்டியில் இருந்த கொப்பிகளில் ஒன்று கல்வி உளவியல்.

அந்தக் கொப்பி எந்தத் தமிழில் எழுதப்பட்டது என்பதும் ஒரு வரலாறு. சுயமொழிக் கல்வி வந்த பிறகு எல்லாவற்றுக்கும் சொல் தேட வேண்டியிருந்தது. மனோதத்துவம் என்றார்கள், உளநூல் என்றார்கள், கடைசியில் உளவியல் நிலைத்தது. ச. முத்துலிங்கம் எழுதிய "கல்வியும் உளவியலும்" போன்ற நூல்கள் தமிழ்மொழி மூல ஆசிரியர்களுக்குப் பெரிய துணையாக இருந்தன. பேராசிரியர் சபா. ஜெயராசா, பேராசிரியர் சோ. சந்திரசேகரன் போன்றோர் கல்வியியலைத் தமிழில் தொடர்ந்து எழுதியிராவிட்டால், ஆங்கிலம் வாசிக்க முடியாத ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு இந்தத் துறை எட்டாத மரத்துப் பழமாகவே இருந்திருக்கும்.

1980இல் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய கல்வி நிறுவகம் அமைந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து தேசிய கல்வியியற் கல்லூரிகள் வந்தன. இன்று நாடு முழுவதும் 19 இருக்கின்றன. தர்கா நகரிலும் அட்டாளைச்சேனையிலும் இருப்பவை நமது பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்தவை. இரண்டு வருடம் கல்லூரியில், ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. பட்டதாரிகளுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. எந்த வாசலால் நுழைந்தாலும் கல்வி உளவியலைத் தாண்டாமல் வெளியே வர முடியாது.

நாம் அதை எப்படிப் படித்தோம் என்பதுதான் கேள்வி. பவ்லோவின் நாயைத் தெரியாத ஆசிரியர் இலங்கையில் இல்லை. மணி, உணவு, உமிழ்நீர். ஸ்கின்னரின் பெட்டி, பியாஜேயின் நான்கு பருவங்கள், மாஸ்லோவின் கூம்பு எல்லாம் மனப்பாடம். பரீட்சை முடிந்ததும் கொப்பியும் மூடிக்கொண்டது. உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் 2005/17 சுற்றுநிருபம் வந்தபோது, "அடிக்காமல் எப்படிப் படிப்பிப்பது?" என்று ஆசிரியர் ஓய்வறைகளில் எழுந்த குரல்கள் பலருக்கும் நினைவிருக்கும். அப்படிக் கேட்டவர்கள் எல்லோரும் கல்வி உளவியலில் சித்தியடைந்தவர்கள்தான். ஜேம்ஸ் 1899இல் சொன்னது இதைத்தான்.

3. அளவுகோலாக வந்த உளவியல்

உளவியலுக்குப் பாடசாலைக்குள் இன்னொரு வாசலும் இருந்தது. அது பிள்ளையை அளக்கும் வாசல்.

1905இல் பிரான்சில் அல்பிரட் பினே முதலாவது நுண்மதிச் சோதனையை உருவாக்கினார். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து அவர்களுக்கு விசேட உதவி கொடுப்பதே அதன் நோக்கம். சோதனை ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததும் அதன் பயன்பாடு மாறியது. 1913இல் லண்டன் மாநகர சபை சிறில் பேர்ட் என்பவரை உளவியலாளராக நியமித்தது. பாடசாலைகளுக்கென அப்படி நியமனம் பெற்ற முதலாவது ஆள் அவர்தான். நுண்மதி பெரும்பாலும் பிறப்போடு வருவது என்பது அவருடைய உறுதியான கருத்து. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் 11 வயதுப் பிள்ளைகளை ஒரு பரீட்சையால் தரம்பிரித்து வேறு வேறு பாடசாலைகளுக்கு அனுப்பிய முறைக்குப் பின்னால் இந்தச் சிந்தனை இருந்தது. பேர்ட் இறந்த பிறகு, 1970களில், இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி அவர் வெளியிட்ட தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்ற குற்றச்சாட்டு எழுந்து பெரிய சர்ச்சையானது.

இங்கே பேராதனையில் 1957இல் கல்விப் பேராசிரியரான ஜே.ஈ. ஜயசூரிய, நுண்மதிச் சோதனைத் துறையை இலங்கைக்கு அறிமுகப்படுத்திய முன்னோடிகளில் ஒருவர். 1961ஆம் ஆண்டின் தேசியக் கல்வி ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கற்றல், அளவீடு, மதிப்பீடு ஆகியவற்றை முறையாகப் படித்த ஒரு தலைமுறை ஆசிரிய கல்வியியலாளர்கள் அவருடைய துறையிலிருந்து உருவானார்கள். நன்மை அது. ஆனால் பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தது அளவுகோல் மட்டும்தான்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பாருங்கள். வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்ல பாடசாலை கிடைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் மத்திய கல்லூரிகளோடு சேர்ந்து வளர்ந்தது. அதன் ஒரு வினாத்தாள் நுண்ணறிவு வினாக்களால் ஆனது. "அடுத்து வரும் உரு எது?" என்ற வினா, பயிற்சியில்லாத மூளையின் இயல்பான கூர்மையை அளப்பதற்காக உண்டான வகை. நாம் அதற்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே மாலை வகுப்பு வைக்கிறோம். மாதிரி வினாத்தாள் வாங்குகிறோம். வெட்டுப்புள்ளி கிடைக்காத பத்து வயதுப் பிள்ளை, தன்னைப் பற்றி ஒரு முடிவோடு ஆறாம் வகுப்புக்கு வருகிறது. பினே உதவிக்காகச் செய்த கருவி, உதவி தேவையான பிள்ளையின் தன்னம்பிக்கையையே உடைக்கிறது. உளவியலின் பெயரால் நமது பாடசாலைகளில் அதிகம் பேருக்கு நடந்தது இதுதான்.

4. குணப்படுத்த வந்த உளவியல்

மூன்றாவது வாசலை யுத்தம் திறந்தது.

1980களில் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு இருந்தவர்களும் யுத்தம் மனத்தில் விட்ட காயங்களைப் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். அவருடைய "மனவடு" 1993இல் தமிழில் வந்தது. சாந்திகம் போன்ற நிலையங்கள் உருவாகின. கத்தோலிக்கத் துறவிகள் வெளியிட்ட "நான்" என்ற உளவியல் சஞ்சிகை சாதாரண வாசகனுக்கு இந்தத் துறையைக் கொண்டுபோனது. மருத்துவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த இடத்தில், ஒவ்வொரு ஊரிலும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிற ஒரே படித்த மனிதர் ஆசிரியர். அதனால் ஆசிரியருக்கு ஆலோசனைப் பயிற்சி கொடுக்கும் யோசனை அங்கிருந்து வளர்ந்தது. இந்தப் பணிக்கு இன்றும் தமிழில் மூன்று பெயர்கள் ஓடுகின்றன: ஆலோசனை, உளவளத்துணை, சீர்மியம். ஒரு புதிய தொழில் எவ்வளவு அவசரமாகப் பிறந்தது என்பதற்கு இந்தப் பெயர்க் குழப்பமே சாட்சி.

நமது பிள்ளைகளின் காயங்களும் குறைவில்லை. 1990 ஒகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள், புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் தொடங்கிய பாடசாலைகள். அங்கே படிப்பித்த ஆசிரியர்களும் அதே அகதிகள்தான்.

பிறகு 2004 டிசம்பர் 26. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரை முழுக்க ஜனாஸாக்கள். ஜனவரியில் பாடசாலை திறந்தபோது வெறுமையாக இருந்த கதிரைகளை எண்ண எந்த ஆசிரியருக்கும் மனம் வரவில்லை. அந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். நல்லவர்களும் இருந்தார்கள், இரண்டு வாரத்தில் படம் எடுத்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். நமது மக்கள் துயரத்தை எப்படிச் சுமக்கிறார்கள், கத்தமும் துஆவும் அயலும் உறவும் அதில் என்ன செய்கின்றன என்று கேட்காமலே படிவங்களை நிரப்பியவர்கள் பற்றி அமெரிக்க எழுத்தாளர் ஈதன் வாட்டர்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார்.

ஆனால் கவனமாக நடந்த வேலைகளும் உண்டு. வடகிழக்குக் கரையில் சுனாமி முகாமொன்றில் 31 பிள்ளைகளோடு நடந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு பகுதியினருக்குத் தம் வாழ்க்கைக் கதையைச் சொல்லவைக்கும் சிகிச்சை, மற்றப் பகுதியினருக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். தலா ஆறு அமர்வுகள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். இரண்டு பகுதியிலும் பெரும்பாலான பிள்ளைகள் தேறினார்கள், இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசமும் இல்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று: முறையாகப் பயிற்றப்பட்ட உள்ளூர் மனிதர் இருந்தால் பிள்ளைகள் மீள்கிறார்கள்.

"முறையாக" என்ற சொல்தான் பிறகு தொலைந்தது. சில நாள் கருத்தரங்கு, கையில் ஒரு சான்றிதழ், "ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர்" என்று ஒரு பெயர். முழுப் பாட நேரசூசியும் தோளில். பிள்ளையோடு தனியாகப் பேச ஓர் அறைகூட இல்லை. இந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான் உளவியல், ஆலோசனை என்ற பெயர்களில் தனியார் டிப்ளோமாக்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. தேவை உண்மையானது. அதனால் விற்பனையும் சுலபமானது.

5. பாடமாக வந்த இடம்

இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் நமது நிலைமை தெளிவாகும். 1970களின் தொடக்கத்தில் அங்கே ஒரு பரீட்சைச் சபை உளவியலை உயர்தரப் பாடமாக்கியது. முதலில் எடுத்தவர்கள் மிகக் குறைவு. இன்று அங்கே மிக அதிகமானோர் எடுக்கும் பாடங்களில் அது ஒன்று. பாடம் வந்ததும் வெற்றிடம் வந்தது. வெற்றிடம் வந்ததும் உளவியல் ஆசிரியர்களுக்கான சங்கம், பாடநூல், பட்டப்பின் பயிற்சி எல்லாம் வரிசையாக வந்தன. அங்கே பாதை நேரானது: உளவியலில் பட்டம், ஆசிரியர் பயிற்சி, தகைமை பெற்ற ஆசிரியர் என்ற அந்தஸ்து. அந்த லண்டன் உயர்தரத்தை நமது சர்வதேச பாடசாலைகளிலும் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அதாவது, மாதக் கட்டணம் செலுத்தக்கூடிய வீட்டுப் பிள்ளைக்கு இலங்கையிலேயே உளவியல் ஒரு பாடம். அரச பாடசாலைப் பிள்ளைக்கு இல்லை.

ஒரு சிறிய விதிவிலக்கு உண்டு, பலருக்குத் தெரியாது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவில் 26 பாடங்கள் வந்தன. அவற்றில் ஒன்று சிறுவர் உளவியலும் பராமரிப்பும். சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கும் திறந்த பிரிவு அது. இந்த நாட்டு அரச பாடசாலைக்குள் உளவியல் மாணவனின் பாடமாக நுழைந்த இடம், நாம் "படிக்காத பிள்ளைகளின் வகுப்பு" என்று ஏளனமாகப் பார்க்கிற அந்த வகுப்புத்தான்.

6. ஆகவே, பாதைகள்

இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடியது இது.

ஆசிரியத் தொழில்தான் முதல் விருப்பம் என்றால் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள். ஆரம்பக் கல்வி ஆசிரியராக வருகிறவருக்குத்தான் சிறுவர் உளவியல் ஒவ்வொரு நாளும் கைகொடுக்கும். கற்பித்தலில் தேசிய டிப்ளோமா அரசாங்கம் ஏற்ற தகைமை.

உளவியலையே ஆழமாகப் படிக்க வேண்டும் என்றால் பல்கலைக்கழகப் பட்டம்தான் வழி. நமது அரச பல்கலைக்கழகங்களில் இந்தப் பாடம் நெடுங்காலம் மெய்யியல் துறையின் நிழலில் வளர்ந்தது, எனவே எந்தத் துறையின் கீழ் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். உளவியல் பட்டதாரி பாடசாலைக்கு வந்தால் பெரும்பாலும் வேறொரு பாடத்தைத்தான் படிப்பிக்க வேண்டிவரும். இரண்டாவது பாடமொன்றைக் கையில் வைத்திருப்பது புத்தி. பிறகு பட்டப்பின் கல்வி டிப்ளோமா.

உளவியலையே "படிப்பிக்க" வேண்டும் என்றால் கல்வியியற் கல்லூரிகளும் ஆசிரியர் கலாசாலைகளும் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் இலங்கை ஆசிரியர் கல்வியியலாளர் சேவையைச் சேர்ந்தவர்கள். நமக்கு பவ்லோவைப் படிப்பித்த சேர்மாரும் டீச்சர்மாரும் வந்த பாதை அது. பட்டம், அதற்கு மேல் கல்வித் தகைமை, பரீட்சை என்று நீண்ட பாதை. ஆனால் இருக்கிற பாதை.

ஆங்கிலமும் உளவியல் பட்டமும் உள்ளவருக்குச் சர்வதேச பாடசாலை. ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவருக்கு ஆலோசனையும் வழிகாட்டலும்.

காசு கட்டு முன்பு மூன்று கேள்வி கேளுங்கள். இது பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோ கல்வி அமைச்சோ ஏற்றதா? தொழிற்தகைமை என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உள்ளதா, எத்தனையாம் மட்டம்? ஆசிரியர் சேர்ப்பு வர்த்தமானியில் இந்தத் தகைமையின் பெயர் எங்கே இருக்கிறது? விளம்பரத்தில் எழுதியிருப்பது போதாது, வர்த்தமானியைக் கையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவர்களிடம் அறிவு கிடைக்கலாம், நியமனம் கிடைக்காது. அறிவுக்காகப் படிப்பதும் நல்லதுதான், தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை அளக்க உளவியலைக் கூப்பிட்டோம். அழிவு வந்தபோது காயத்துக்கு மருந்து கட்டக் கூப்பிட்டோம். ஆசிரியரின் பரீட்சைத் தாளில் வைத்தோம். தன் கோபம் எங்கிருந்து வருகிறது, ஞாபகம் எப்படி வேலை செய்கிறது, துக்கம் எப்போது நோயாகிறது, எப்போது உதவி கேட்க வேண்டும் என்று 17 வயதுப் பிள்ளை தானே படித்தறிய ஒரு பாடமாக மட்டும் கொடுக்கவில்லை. உயர்தரப் பட்டியலில் உளவியலைச் சேர்க்கும்படி பாடத்திட்டச் சீர்திருத்தம் பேசுகிற ஒவ்வொரு மேடையிலும் ஆசிரியர் சங்கங்களும் நமது கல்விமான்களும் கேட்க வேண்டும். பாடம் வந்தால் ஆசிரியருக்கான பாதை தானாக வரும். இங்கிலாந்தில் அப்படித்தான் வந்தது.

இந்தப் பாதைகளில் போனவர்கள், போய்க்கொண்டிருப்பவர்கள் கீழே எழுதுங்கள். குறிப்பாக ஆசிரியர் கல்வியியலாளர் சேவையில் இருப்பவர்கள், தொழிற்பிரிவில் சிறுவர் உளவியல் படிப்பிப்பவர்கள். உங்கள் நான்கு வரி ஒரு பிள்ளையின் இரண்டு வருடத்தையும் ஒரு உம்மாவின் காப்பையும் காப்பாற்றும், இன்ஷா அல்லாஹ்.